வாட்ஸ் கேட்கிறார்கள், லிட்டர் கேட்பதில்லை

காருக்கு சப்வூஃபர் வாங்கப் போகும் நம்மூர் ஆசாமி கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?" ஸ்டிக்கரில் ஆயிரத்துக்கு மேல் ஏதாவது ஒரு எண் கொட்டை எழுத்தில் இருக்கும். அது கண நேர உச்சக் கணக்கு. தொடர்ந்து தாங்கும் ஆர்.எம்.எஸ். அளவு ஏதோ மூலையில் ஒளிந்திருக்கும். சரி, அதைக்கூட மன்னித்து விடலாம். வூஃபர் உட்காரும் பெட்டி எத்தனை லிட்டர் என்று ஒருவர்கூடக் கேட்பதில்லையே, அதுதான் கொடுமை!

வூஃபர் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் சந்தித்தால் பேஸ் காணாமல் போகும். அதைத் தடுக்கத்தான் பெட்டி. மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். பெட்டி சின்னதானால் ஸ்பிரிங் இறுகும். இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் எங்கெங்கோ ஓடும். காரிலோ எல்லாம் ஒரே "தொம் தொம்".

இதற்குக் கணக்கு எப்போதோ வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் எழுதி வைத்தார்கள். நல்ல வூஃபரோடு வரும் தாளில் எஃப்.எஸ்., க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்று மூன்று எண்கள் இருக்கும். வி.ஏ.எஸ்.ஸைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். அதை க்யூ.டி.எஸ்.ஸால் பெருக்கினால் 0.7 அருகில் வர வேண்டும். அவ்வளவுதான். பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தவருக்கும் வரும் கணக்கு.

உதாரணத்துக்கு 30 ஹெர்ட்ஸ், 0.5, 50 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 லிட்டர் பெட்டியில் விடை 0.71, ஒத்ததிர்வு 42 ஹெர்ட்ஸ். அதே வூஃபரை 17 லிட்டர் ரெடிமேட் பெட்டியில் திணித்தால் விடை 1. ஒத்ததிர்வு 60 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் வீங்கும், அதற்குக் கீழே சரியும். இதற்கு ஆயிரம் வாட்ஸ் ஆம்ப் போட்டால் வீக்கம்தான் இன்னும் சத்தமாகக் கேட்கும்.

"நாமே செய்வதெல்லாம் நடக்கிற காரியமா?" என்பார்கள். ஆறு பலகை ஐயா! உள்ளளவு 50 x 40 x 25 செ.மீ. என்றால் 50 லிட்டர். வூஃபர் அடைக்கும் ஓரிரு லிட்டரைச் சேர்த்துக்கொண்டால் போதும். 18 மி.மீ. எம்.டி.எஃப்.பை கிச்சன் கப்போர்டு செய்யும் தச்சர் வெட்டித் தருவார். பசை, ஸ்க்ரூ, மூலைகளில் சிலிகான். டிக்கியில் நகராமல் போல்ட் போட வேண்டும்.

கணக்குப் போடாமல் ஓட்டை வைத்து, "போர்ட் பாக்ஸ்" என்று பெருமை பேசுகிறவர்களும் கடைக்காரருக்குச் சளைத்தவர்கள் அல்ல. போர்ட்டின் ட்யூனிங்குக்குக் கீழே கோனைப் பிடிக்க ஸ்பிரிங்கே கிடையாது. வாய்சு காயில் அடிபடும். மூடிய பெட்டி அடிமட்டத்தில் ஆக்டேவுக்கு 12 டெசிபல்தான் சரியும். கண்ணாடி ஏற்றிய காரே அதில் பெரும்பகுதியைத் தூக்கிக் கொடுத்துவிடும்.

எல்லா வூஃபருக்கும் பொருந்தும் பெட்டி என்று ஒன்று கிடையாது. எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைக்கும் டெய்லரிடம் யாராவது போவார்களா? இனி வாட்ஸ் கேட்கிறவர் லிட்டரையும் கேட்கட்டும். பதில் வராவிட்டால், பெட்டிக்கான காசோடு நேரே மரக்கடைக்கு நடையைக் கட்டட்டும்.