கதைத் தலைவனும் எதிர்நாயகனும்

கதையின் நடுவிடத்தில் நிற்பவன் ஒப்பற்றவனாக இருத்தல் வேண்டுமென்று தண்டியலங்காரம் பெருங்காப்பியத்திற்கு விதித்தது. இக்காலத்து நாவல்களும் திரைப்படங்களும் அவ்விதியைக் கடந்து நெடுந்தொலைவு வந்துவிட்டன. அதுபற்றி எமக்கு வருத்தமில்லை. அவ்விலக்கணம் தோன்றுமுன்னரே கோவலனைப் பாடிய நாடன்றோ இது!

எமக்கு வருத்தம் தருவது பிறிதொன்று. கொலைஞன் ஒருவனுக்கு வீரனுக்குரிய முழக்கமும் அலங்காரமும் அளித்து, அவனை எதிர்நாயகன் என அழைத்தல் இன்று பெருவழக்காயிற்று. வில்லனையே எதிர்நாயகன் என்பாரும் உளர். வில்லன் தலைவனைத் தடுப்பவன். எதிர்நாயகனோ தலைவனுக்குரிய இடத்தைப் பெற்றும், அவ்விடத்திற்குரிய பண்புகளைப் பெறாதவன். ருஷிய ஆசிரியர் டாஸ்டாயெவ்ஸ்கி 1864-இல் எழுதிய நிலவறை மனிதன், தன்னை அப்பெயராலேயே குறிக்கின்றான். அவன்பால் கண்டு வியத்தற்குரியது ஒன்றேனும் இல்லை.

அவ்வாசிரியரே 1866-இல் வெளியிட்ட ‘குற்றமும் தண்டனையும்’ என்னும் நாவலை எடுத்துக்கொள்வோம். ரஸ்கோல்னிகாவ், பொருளின்மையால் சட்டப் படிப்பை இடையில் விட்ட மாணாக்கன். நெப்போலியன் போன்ற அசாமானியர், தம் நோக்கத்தின் பொருட்டுச் சட்டத்தைக் கடக்கலாம் என்று கட்டுரை வரைந்தவன். ஈடு வாங்கிக் கடன் கொடுக்கும் கிழவி ஒருத்தியைக் கோடரியால் கொல்லுகின்றான். கிழவி கடுநெஞ்சினள், படிப்போர் இரக்கம் அவள்பால் எளிதிற் செல்லாது. கதை இவ்வளவில் நின்றிருப்பின், அவன் வாதத்திற்கு நம்முள் பலர் தலையசைத்திருப்போம். ஆசிரியர் அதற்கு இடந்தரவில்லை. தாழிடாத கதவின் வழியே கிழவியின் தங்கை லிஸவேத்தா உள்ளே வந்துவிடுகின்றாள். தமக்கையின் அடி பொறுத்து உழைத்த பேதை அவள். ஒருகால் ரஸ்கோல்னிகாவின் சட்டையைத் தைத்துக் கொடுத்தவளும் அவளே. தற்காத்துக்கொள்ளக் கையையும் நன்கு உயர்த்தாத அவளையும் அவன் கொல்லுகின்றான்.

அவன் கட்டுரையில் லிஸவேத்தாவுக்கு இடமில்லை. கொலைக்குப் பின்னரும், கிழவியைக் குறித்து ஓயாது வாதிடும் அவன் உள்ளம் இவளை அரிதாகவே நினைக்கின்றது. அதனை அவனே உணர்ந்து திகைக்கின்றான். ஆசிரியரோ அவளை மறக்கவில்லை. சோனியா அவனுக்குப் படித்துக் காட்டும் புதிய ஏற்பாடு லிஸவேத்தா கொடுத்தது. சோனியாவிடம் அவன் குற்றத்தை வெளியிடுங்கால், அவள் முகத்தில் லிஸவேத்தாவின் முகமே தோன்றுகின்றது. இறுதியில் அதிகாரிகள் முன்னிலையிலும் லிஸவேத்தாவின் பெயரை அவன் சொல்லியே தீரவேண்டியதாயிற்று.

அலங்கரிக்கப்பட்ட கொலைஞனின் கதைகளில் இத்தகைய லிஸவேத்தாக்கள் இரார். அங்கு வெட்டுண்டு வீழ்வோர் எண்ணிக்கையே. பெயரில்லை, வீடில்லை, தைத்துக் கொடுத்த சட்டையுமில்லை.

அங்ஙனமாயின், படிப்போர் கொலைஞனோடு மனமொன்றுதல் தகாதென்பீரோ எனச் சிலர் வினவலாம். அன்று. ரஸ்கோல்னிகாவ் உள்ளே மூச்சடக்கி நிற்க, வெளியே இருவர் கதவை இழுக்குங்கால், அவன் தப்பவேண்டுமென்றே நம் நெஞ்சும் துடிக்கின்றது. துடித்தமைக்கு நாம் பின்னர் நாணுகின்றோம். அந்நாணத்தை விளைவிக்காத கதை, எத்துணைத் திறமாக அமைந்திருப்பினும், எமக்கு வேண்டா. நம் தமிழ்த் திரையிலும் 1954-இல் வெளிவந்த ‘அந்த நாள்’ இவ்வகையில் துணிவுடையது: நாட்டைக் காட்டிக்கொடுத்தவனாகச் சிவாஜி கணேசன் நடித்தார், பாட்டொன்றுமில்லை, படத்தின் தொடக்கத்திலேயே அவன் சுடப்பட்டு வீழ்கின்றான்.

கல்லூரி நாடக மன்றத்தார்க்கு ஒரு விண்ணப்பம். மாக்பெத் ஏவிய கொலையாளிகள் மாக்டப்பின் மனைவியையும் மைந்தனையும் கொல்லும் காட்சி, 18, 19ஆம் நூற்றாண்டுகளின் இலண்டன் மேடைகளில் பெரும்பாலும் விலக்கப்பட்டது. இன்றும் நேரக் குறைவைக் காட்டி அதனை விட்டுவிடுவோர் உளர். சூனியக்காரிகள் வரும் காட்சியில் வேண்டுமாயின் பத்து நிமிடம் குறைத்துக்கொள்க. தாயோடு விளையாட்டாய்ப் பேசும் அச்சிறுவனை மட்டும் மேடைக்கு வரவிடுங்கள்.