பதிவு எண் என்ன என்று கேட்டால் தப்பா?

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பெரிய குறை உண்டு. "அவரா? நல்ல மனுஷன், தைரியமாப் போ" என்று சொல்ல இங்கே ஒரு சித்தப்பாவோ, எதிர்வீட்டு மாமியோ கிடையாது. காய்ச்சல், சளி என்றால் எப்படியோ சமாளித்துவிடலாம். குழந்தைக்கு ஆக்குபேஷனல் தெரபி வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் முழி பிதுங்கும்.

'ஆக்குபேஷனல்' என்றதும் வேலைவாய்ப்பு சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தை பென்சில் பிடிக்க, பொத்தான் போட, பக்கவாதம் வந்த தாத்தா மறுபடி தானே குளித்து உடுத்திக்கொள்ள என்று அன்றாடக் காரியங்களுக்குப் பழக்கும் சிகிச்சை இது. இதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது.

அந்தப் படிப்பைப் படித்தவர்தானா என்று நமக்காகப் பார்க்க வேண்டியவை மாநிலக் கவுன்சில்கள். டெல்லியில் 1997-லேயே சட்டம் வந்தது. நான் இருக்கும் மகாராஷ்டிராவில் 2002-ஆம் வருடச் சட்டம். எல்லா மாநிலத்துக்கும் பொதுவாக மத்திய அரசு 2021-இல் ஒரு சட்டம் போட்டது. அதன்படி பதிவேடு வைப்பது, தொழில் ஒழுக்கத்தைக் கண்காணிப்பது, நிறுவனங்களை ஆய்வு செய்வது எல்லாம் மாநிலக் கவுன்சிலின் கடமை. பதிவில்லாமல் தொழில் செய்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஆறு மாதத்தில் கவுன்சில் அமைக்கச் சொன்னது சட்டம். ஆனால் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தலையிட்டுக் கெடு வைக்க வேண்டியதாயிற்று!

இங்கே நண்பர் ஒருவர் தன் மகனை மூன்று மாதம் ஒரு தெரபி சென்டருக்கு அழைத்துப் போனார். சிகிச்சை கொடுப்பது யார் என்று கேட்டால் "எங்க டீம் சார்" என்றார்கள். பதிவு எண் கேட்டதும் முகம் மாறியது. கடைசியில் ஆர்.சி.ஐ. சான்றிதழ் ஒன்றை நீட்டினார்கள். ஆர்.சி.ஐ. என்பது 1992-ஆம் வருடச் சட்டப்படி நடக்கும் மறுவாழ்வுக் கவுன்சில். ஸ்பெஷல் எஜுகேட்டர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றவர்களைப் பதிவு செய்வது அது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அந்தப் பட்டியலிலேயே இல்லை. எத்தனை அப்பா அம்மாவுக்கு இந்த வித்தியாசம் தெரியும்?

என்னைக் கேட்டால், பதிவேடு கவுன்சில் அலுவலகத்தில் பத்திரமாக இருந்து பிரயோஜனமில்லை. ஒவ்வொரு சென்டரிலும் சிகிச்சை கொடுப்பவரின் பெயரும் எண்ணும் சுவரில் இருக்க வேண்டும். புகாரை எங்கே, எப்படிக் கொடுப்பது என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஹிந்தி, மராத்தி தடுமாறும் நம்மைப் போன்றவர்களும் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி.

"ரொம்பக் கெடுபிடி பண்ணினா இருக்கிற சென்டரும் மூடிடும்" என்பார்கள். நியாயமான பயம்தான், ஆள் பற்றாக்குறை உண்மை. உதவியாளர்கள் தாராளமாக இருக்கட்டும். ஆனால் யார் உதவியாளர், யார் தெரபிஸ்ட் என்பதை மறைக்காமல் சொல்லட்டும். அப்படிச் சொல்வதற்குத் தனிச் செலவு ஏதுமில்லையே.

பதிவு எண் இருந்தாலே கைராசிக்காரர் என்று அர்த்தமில்லை. முறையாகப் படித்தவர், தப்பு நடந்தால் தட்டிக்கேட்க ஓர் இடம் உண்டு, அவ்வளவுதான். சொந்தபந்தம் இல்லாத ஊரில் அதுவே பெரிய பலம்.

அதனால் முதல் நாள், பணம் கட்டுவதற்கு முன்பே, கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான் :-)

உங்கள் ஊரில் எப்படி? சொல்லுங்களேன்.