ஓட்டமாவடிக்கு ஓர் ஓடுகளம்

சைலன்சரை அறுத்துவிட்டு ஏ15 வீதியில் மாருதியை உறும விடுவதை மோட்டார் விளையாட்டு என்று என்னிடம் எவரும் வாதிட வரவேண்டாம். அதற்காக, கராஜில் சிறிய காரைத் திருத்தி வேகம் கூட்டும் இளைஞர் எல்லோரையும் காவாலிகள் என்று ஏசுவோருடனும் எனக்கு உடன்பாடில்லை.

மாருதி 800இன் எஞ்சின் வெறும் 796 சிசி. அதைக் கொண்டுதான் கோயம்புத்தூர் கரிவர்தன் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் களம் கண்டார். ஆனால் அவர்களுக்குச் சென்னை அருகே சோழவரமும் இருங்காட்டுக்கோட்டையும் இருந்தன.

நமக்கு? மகாகஸ்தோட்டை, நுவரெலியா, கட்டுக்குருந்தை, தியத்தலாவை: பெயர்பெற்ற பந்தயங்கள் எல்லாம் கிழக்குக்கு வெளியேதான். ஓட்டமாவடிப் பையன் தான் திருத்திய காரை எங்கே பரீட்சிப்பான்? மாடும் பள்ளிப் பிள்ளைகளும் கடக்கும் வீதியிலா?

2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் 7 பேர் மாண்டதைச் சிலர் நினைவூட்டுவர். பாதை விலகிய கார் பார்வையாளர்மீது பாய்ந்தது. களத்திலேயே இப்படியென்றால், வேலியே இல்லாத ஊர் வீதியில்?

வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். ஆகவே தம்பிமாரே, கார்பரேட்டரைத் தொடுமுன் பிரேக்கையும் டயரையும் மாற்றுங்கள். கோறளைப்பற்று மேற்குப் பிரதேச சபையோ, ஊருக்கு வெளியே வேலியடைத்த ஒரு திடலையும், ஓட்டம் நடக்கும் நாளில் ஓர் அம்புலன்ஸையும் தரட்டும்.