இரண்டு கட்டை குறைத்தால் என்ன?

"என்ன அண்ணாச்சி, பாடினதெல்லாம் போதாதா? இந்த வயசுல அந்த அம்மாவுக்கு எதுக்குக் குத்துப்பாட்டு?"

கேட்டவர் ஓய்வு பெற்ற வாத்தியார். காலை நடை முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெளியே சாரல். கடைப் பையனின் செல்போனில் 'ஒஸ்தி' படத்துக் கலாசலா பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. 2011-இல் வந்த பாட்டு. தமன் இசை, வாலி வரிகள். டி.ராஜேந்தரோடு சேர்ந்து எல்.ஆர்.ஈஸ்வரி பாடியது. அப்போதே அந்த அம்மாள் எழுபதைத் தாண்டியவர்.

வாத்தியாரிடம் அங்கேயே சொல்ல வேண்டியதை, டீ ஆறிவிடும் என்பதால் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் கேள்வி. அதே பாட்டில் ராஜேந்தரும் கத்துகிறாரே, அவரை ஏன் யாரும் கேட்கவில்லை? அறுபது வயது நாயகன் பேத்தி வயதுப் பெண்ணோடு ஆடினால் விசில் அடிக்கிறோம். வயதான பாடகரின் குரல் நடுங்கினால் 'அனுபவம் பேசுது' என்கிறோம். பெண் குரல் கொஞ்சம் கரகரத்தால் மட்டும் 'வீட்ல இருக்க வேண்டியதுதானே' என்று வந்துவிடுகிறது. ஈஸ்வரி அம்மாளுக்கு இது புதிதும் அல்ல. 1958-இல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே.வி.மகாதேவன் பாட வைத்தார். 1961-இல் 'பாசமலர்' கல்யாணப் பாட்டால் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தார். அந்தப் பாட்டு ஒலிக்காத கல்யாண வீடு அந்தக் காலத்தில் உண்டா? இருந்தும் கதாநாயகியின் காதல் பாட்டுகளில் பெரும்பங்கு அவருக்கு வரவில்லை. கிளப் டான்ஸ் என்றால் கூப்பிட்டார்கள். 'கருப்புப் பணம்', 'சிவந்த மண்' படங்களை நினைத்துப் பாருங்கள். டிரம்பெட்டும் டிரம்ஸும் முழங்க, அந்தக் குரல் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் நின்று, பிறகு ஓடிப் பிடிக்கும். அதற்கு ஜாஸ் என்று பெயர் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாமலே ரசித்தோம். ரசித்துவிட்டு, 'அது ஒரு மாதிரியான பாட்டு' என்றும் சொல்லிக்கொண்டோம். அந்தப் பாட்டுகளுக்குத் தலையாட்டிய அதே ஊர்தான் ஆடி மாசம் அதே குரலில் அம்மன் பாட்டுப் போட்டுக் கும்பிடுகிறது.

ஜாஸ் எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் என் கெட்டிக்காரத்தனம் அல்ல. அப்பாவின் வேலை புதுச்சேரியில் இருந்ததால் பள்ளிப் படிப்பு பிரெஞ்சு வழியில் நடந்தது. (பின்னாளில் தாலுகா ஆபீசில் அந்தப் பிரெஞ்சை வைத்து ஒரு பட்டா மாறுதல்கூட எழுத முடியவில்லை என்பது வேறு கதை.) வகுப்பில் ஒரு சொல்தா வீட்டுப் பையன் இருந்தான். குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனவன், பல வருஷம் கழித்து ஒரு சி.டி. அனுப்பினான். நினா சிமோன் 1993-இல் பாடிய 'எ சிங்கிள் வுமன்'. அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி, ஜாஸும் சோலும் பாடியவர், கடைசிக் காலத்தில் பிரான்சில் வாழ்ந்து 2003-இல் அங்கேயே இறந்தார். அறுபது வயதில், நீண்ட இடைவெளிக்குப் பின் ஒரு பெரிய கம்பெனிக்கு அவர் பாடிய தட்டு அது. அவருடைய கடைசி ஸ்டூடியோ ஆல்பமும் அதுதான். அநேகமாக எல்லாமே பிறர் முன்பே பாடிய பாட்டுகள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தட்டு மேடும் பள்ளமுமானது. பல பாட்டுகளில் வயலின் கூட்டத்தைக் கல்யாணப் பந்தல் ஜோடனை மாதிரி மேலே மேலே அடுக்கியிருக்கிறார்கள். மணப்பெண்ணைக் காணோம். ஆனால் ஒரு மகள் தகப்பனைக் கூப்பிடும் பாட்டு ஒன்று இருக்கிறது. பார்பரா ஸ்ட்ரைசண்ட் ஒரு சினிமாவுக்காகப் பாடியது. நினா தன் தகப்பனாரோடு பேச்சு முறிந்த நிலையிலேயே அவரை இழந்தவர். ஸ்ட்ரைசண்ட் குரலின் அழகில் பாதிகூட இதில் இல்லை. எனக்கு இதுதான் வேண்டியிருக்கிறது. லூயி அரகோனின் கவிதைக்கு ஜார்ஜ் பிராசன்ஸ் மெட்டமைத்த பிரெஞ்சுப் பாட்டும் அதில் உண்டு. அவருடைய பிரெஞ்சு உச்சரிப்பைக் கேட்டால் எங்கள் பள்ளி மெசியே பிரம்பைத் தேடியிருப்பார். பாட்டு நிற்கிறது.

குரல் பழசானதால் அந்தத் தட்டு கெடவில்லை. பழசானதை மறைக்கப் பார்த்த இடங்களில்தான் கெட்டது.

இதை நான் சொல்லத் தகுதி இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். சில வருஷங்களுக்கு முன் பக்கத்து ஊர் கோவில் கொடையில் ஒரு மெல்லிசைக் கச்சேரி. பழைய பாடகி ஒருவரைச் சென்னையிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். பெயர் வேண்டாம். மாலை ஏழு மணிக்கு வந்தவரை யார் யாருக்கோ பொன்னாடை போர்த்தி, இரவு பதினொன்றரைக்கு மைக்கைக் கொடுத்தார்கள். முப்பது வயதில் பாடிய பாட்டு, ரெக்கார்டில் உள்ள அதே சுருதி. மேல் ஸ்தாயியில் குரல் உடைந்தது. பையன்கள் ஊளையிட்டார்கள். நானும் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துச் சிரித்தேன். அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

பிறகு கீபோர்டு பையனிடம் குனிந்து ஏதோ சொன்னார். இரண்டு கட்டை இறக்கினான். கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தும் வேலை, அவ்வளவுதான். அடுத்த பாட்டை மெதுவாக எடுத்தார். பந்தல் அடங்கிவிட்டது. முறுக்கு விற்கிறவன்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றான்.

அப்படியானால் முதல் பாட்டின் குற்றம் யாருடையது? அரைக் கட்டை குறைத்தாலும் 'ஒரிஜினல் மாதிரி இல்லையே' என்று முகம் சுளிக்கும் நம்முடையது. டி.வி.க்காரர்களும் அதைத்தானே செய்கிறார்கள்! பெரியவர்களை அழைத்து, பழைய டிராக்கை ஓடவிட்டு, இருபத்தைந்து வயதுக் குரலோடு எழுபத்தைந்து வயதை மோத விட்டு, பிறகு நடுவர்களை அழ வைக்கிறார்கள்.

நம் பக்கத்து ஆள் ஒருவரை வைத்தே பார்க்கலாம். செங்கோட்டைக் கிட்டப்பா 1933-இல் 27 வயதில் போனார். கே.பி.சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை உடுத்தி மேடையை விட்டே விலகினார். திரும்பி வந்தபோது 1935 'நந்தனார்' படத்தில் ஆண் வேஷம், சம்பளம் லட்ச ரூபாய். 1965-இல் 'திருவிளையாடல்' வந்தபோது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். இசை அதே கே.வி.மகாதேவன். நாகர்கோவில்காரர். பழைய நாடக மேடைக் குரலை இப்போதுள்ள உடம்புக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தார். ஔவையாருக்கு வயதான குரல்தானே வேண்டும்! யாராவது 'இந்த வயசுல எதுக்கு' என்றார்களா?

மகாதேவனைப் போல அளவெடுக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதுதான் என் கட்சி. கலாசலா பாட்டே என்னைக் கேட்டால் சுமார்தான். ஈஸ்வரி அம்மாளின் பழைய அலட்சியம் இரண்டு இடத்தில் எட்டிப் பார்க்கிறது. மீதி நேரம் கருவிகளின் இரைச்சலோடு அவரை ஓட விட்டிருக்கிறார்கள். 2020-இல் எண்பது வயதில் 'மூக்குத்தி அம்மன்' படத்தில் பாடிய ஆடிப் பாட்டு எவ்வளவோ மேல். அது அவர் வீட்டு முற்றம் மாதிரி, எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்து நிற்கிறார். ஆனால் 'வெள்ளி விழா' படத்தில் காதோடு பேசுவது போல ஒரு பாட்டுப் பாடினாரே, 1972-இல், வி.குமார் இசையில்? அந்த மென்மையை இன்றைய குரலில், ஒரு கிடாரை மட்டும் வைத்துக்கொண்டு கேட்க எந்த இசையமைப்பாளருக்குத் தோன்றியது? திரும்ப அழைக்கிறவர்களும் குத்துப்பாட்டுக்கே அழைக்கிறார்கள். அதைப் பாடினால் வாத்தியார் டீக்கடையில் தீர்ப்பு எழுதுகிறார்.

வாத்தியார் இதைப் படிப்பார் என்று தெரியும். நாளைக் காலை கடைக்கு 'வெள்ளி விழா' பாட்டோடு வருகிறேன். டீக்காசு அவருடையது.