பத்து ரூபாய்ப் புதையல்

மில்லர்புரம் நண்பருக்குத் திடீரென்று பழங்காசு ஆசை. "அண்ணாச்சி, மெட்டல் டிடெக்டர் நடுத்தர விலையில வாங்கவா, ஒசந்த விலையிலயா?"

காய்ந்த மண்ணுக்கு நடுத்தரமே போதும். ஆனால் நம்ம கடற்கரை ஈர மணலில் உப்பு மின்சாரத்தைக் கடத்தும். ஒரே அலைவரிசை மெஷின், காசு இல்லாமலே 'கீச்' என்று கத்தும். பல அலைவரிசையில் ஓடும் விலை கூடினது அவ்வளவாக ஏமாறாது.

"அப்ப பெருசை வாங்கிட்டுக் கொற்கைக்குப் போறேன். பாண்டியன் காசு கிடைக்கும்லா!"

பி.காம். மூளை கணக்குப் போட்டது. 1878-ம் வருஷப் புதையல் சட்டப்படி, பூமியில் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டரிடம் சொல்லணும். மறைத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில். காசைப் பிடுங்கி எடுத்தால், அது கிடந்த மண்ணடுக்கு சொல்லும் சரித்திரமும் போச்சு. லாபம் சைபர், நஷ்டம் ஊருக்கு!

நண்பர் இறங்கி வந்தார். "சரி, வீட்டுக்காரி தொலைச்ச மூக்குத்தியைத் தேட எது நல்லது?"

"விளக்குமாறு!"