பாசிக் கரித்துகளும் வெயில் காப்புக் களிம்பும்

கடற்பாசியை நீருடன் மூடிய கலத்திலிட்டு, ஏறத்தாழ 200 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் பல மணி நேரம் வைத்தால், 10 நானோமீட்டருக்கும் சிறிய கரித்துகள்கள் கிடைக்கின்றன. (நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) இவை புற ஊதாக் கதிர்களை நன்கு உட்கவர்ந்து, அச்சக்தியில் ஒரு பகுதியை நீல ஒளியாக வெளியிடுகின்றன. வெயில் காப்புக் களிம்பில் இவற்றைச் சேர்க்கலாம் என்ற யோசனை எழுந்ததில் வியப்பில்லை. பவளப் பாறைகளுக்குக் கேடு விளையும் என்று கருதி, ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்னும் இரு இரசாயனப் பொருள்கள் கலந்த களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதை ஹவாய் மாநிலம் 2021 ஜனவரி முதல் தடுத்துவிட்டது. மாற்றுப் பொருள் தேவைதான்.

ஆயினும், பாசியிலிருந்து வந்தது என்பதாலேயே இத்துகளைத் தீங்கற்றதெனக் கூறுவது முறையன்று. செம்பாசிகள் பலவற்றில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மைக்கோஸ்போரின் வகைப் பொருள்கள் இயல்பாகவே உள்ளன. அவை வேறு, இத்துகள் வேறு. கலத்தின் கடும் வெப்பத்தில் பாசியின் மூலக்கூறுகள் பெரும்பாலும் உருக்குலைந்து கரியாகிவிடுகின்றன. அடுப்புக் கரியும் ஒரு காலத்தில் மரமாக இருந்ததே! மேலும், கரித்துகள்களுள் சில, ஒளி பட்டதும் உயிரணுக்களைத் தாக்கும் ஆக்ஸிஜன் வகைகளைத் தோற்றுவிக்கின்றன. கிருமிகளைக் கொல்வதற்கென்றே அக்குணம் ஆராயப்பட்டு வருகிறது. ஆகவே, ஒளி படாத நிலையில் உயிரணுக்களோடு கலந்து பார்த்து நற்சான்று வழங்குவது இங்கே போதாது. உச்சி வெயிலில் பூசப்படும் பொருளை, வெயிலொத்த ஒளியிலேயே, வியர்வையும் கடல்நீரும் பட்ட நிலையில் சோதித்த பின்னரே சந்தைக்கு அனுமதிக்க வேண்டும்.