ஒரே கட்டத்துக்குள் அண்ணாமலை



கார்த்திகை என்றால் நமக்கு தீபமும் மழையும்தான். 2024-இல் தீபத்துக்கு முன்பே ஃபெஞ்சல் புயல் வந்துவிட்டது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். மறுநாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் கடலூர் வரை வெள்ளக்காடாயின.

‘இத்தனை கம்ப்யூட்டர் இருந்தும் முன்கூட்டியே தெரியாதா?’ என்று டீக்கடையில்கூடக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

நீரோட்டத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகள் பெரும்பாலும் நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கின்றன. கட்டத்துக்கு ஒரு மழையளவு, ஒரு சரிவு, ஒரு மண். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நாடு தழுவிய மழைத் தரவுத் தொகுப்பு ஒன்றில் கட்டத்தின் பக்கம் கால் பாகை, அதாவது சுமார் 27 கி.மீ. அண்ணாமலையைச் சுற்றிய நம் கிரிவலப் பாதையோ 14 கி.மீ. சுற்று. மலையும் ஓடைகளும் சேர்ந்தாலும் அப்படியொரு கட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான் தேறும். மாதிரியும் அதே அளவுக் கட்டங்களில் ஓடினால், 2,668 அடி மலையின் சரிவு, சுற்றியுள்ள சமவெளியோடு சராசரியாகி மட்டமாகிவிடும். மளமளவென்று தெருவுக்கு இறங்கும் ஓடைத் தண்ணீர், கணினியில் ஆற அமர வந்து சேரும்.

நந்தி மலையில் பிறந்து 400 கி.மீ.க்கு மேல் ஓடும் தென்பெண்ணைக்குப் பெரிய கட்டங்களே ஓரளவு போதும். பரந்த பரப்பில் கூடுதலும் குறைவும் சமனாகிவிடும். ஆனால் அதே புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதே, அதுபோன்ற மழை அந்தச் சராசரியில் காணாமல் போய்விடும்.

கட்டத்தைச் சிறிதாக்கினால் போதாதா? பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும், கணக்கும் கூடும். மழைமானிகள் மட்டும் பழைய எண்ணிக்கையிலேயே இருந்தால் என்ன பயன்? பெரிய கட்டத்துக்குப் பார்த்துச் சரிசெய்த எண்களும் சிறிய கட்டத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை.

ஆகவே ஆற்றுக்கு ஓர் அளவு, ஓடைக்கு ஓர் அளவு. ஆற்றுக்கான எச்சரிக்கையை நம்பி அடிவாரத்தில் நிம்மதியாகத் தூங்க முடியாது. மலையைச் சுற்றிக் கூடுதல் மழைமானிகளும், ஓடை, ஏரி வரத்துக் கால்வாய், சிறுபாலம் எல்லாம் குறித்த நுண்வரைபடமும் நமக்கு வேண்டும்.

உங்கள் தெருவில் ஓடை எந்தப் பக்கம் வருகிறது, எந்தச் சிறுபாலம் அடைபட்டிருக்கிறது, கடந்த மழையில் தண்ணீர் எத்தனையாவது படிவரை ஏறியது என்று எழுதி அனுப்புங்கள். தேதியும் நேரமும் மறக்காமல் குறிப்பிடுங்கள். கணினிக் கணிப்பைச் சரிபார்க்க அப்படிப்பட்ட குறிப்புகள்தான் முதலில் தேவை.

அன்புடன்,
ஆசிரியர்